மேல் லயத்துக் கையெழுத்து

"கையெழுத்தெல்லாம் போட முடியாது. போயிட்டு வா, நாகலெட்சுமி."

தேயிலைத் தோட்டத்தில் மேல் லயத்து வரிசை வீடுகளுக்குத் தலைவரான அழகுமுத்து கறாராகச் சொல்லிவிட்டார். கீழ் லயத்துப் பெண்களோடு தாளும் பேனையுமாக ஏறி வந்த நாகலெட்சுமிக்கு முகம் சுண்டிப்போனது.

"அண்ணே, லீவு தொடங்கின நாள்லருந்து விடியக்காலையில எங்க பீலிக் குழாயில சொட்டுத் தண்ணி இல்ல. மேல யாரோ வால்வ அடைக்கிறாங்க. தண்ணி தேடித் தூக்கியாந்து ஆக்கி வச்சிட்டு, வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுக்கு ஓடினா, பிந்திட்டேன்னு அரைநாள் சம்பளம்தான் போடுறாங்க. தண்ணி ரெண்டு லயத்துக்கும் பொதுன்னு ஒரு கையெழுத்துதானே கேக்குறோம்?"

"பொதுதான். நாங்க இல்லைன்னா சொன்னோம்? தண்ணி வரும். தாள்ல எழுதுறதெல்லாம் வேணாம்."

உள்ளே தலைக்குக் குளித்துவிட்டு ஈரம் துவட்டிக்கொண்டிருந்த மகள் நிலக்ஷிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள்; லீவுக்கு வீட்டுக்கு வந்திருக்கிறாள். போன மாதம்தான் விவாதப் போட்டியில் கேடயம் வாங்கினாள். கடல் சட்ட ஒப்பந்தத்தில் இத்தனை நாடுகள் சேர்ந்தும் அமெரிக்கா ஏன் இன்னும் சேரவில்லை என்று அவள் வெளுத்து வாங்கிய வாங்கலில், அழகுமுத்து லயம் முழுக்க டொபி மிட்டாய் கொடுத்தார். "எம்மக அமெரிக்காவையே கேள்வி கேட்டுட்டா" என்று வாரக்கணக்கில் சொல்லித் திரிந்தார்.

துவாயோடு வாசலுக்கு வந்தாள்.

"அமெரிக்காவும் இதையேதாம்ப்பா சொல்லுது. சட்டத்த மதிக்கிறோம், கையெழுத்து மட்டும் கேக்காதீங்கன்னு."

"அது கடலு, பாப்பா. இது பீலி."

"மேல இருக்கவன் மனசு வச்சாத்தான் கீழ இருக்கவனுக்குத் தண்ணின்னா அது தயவு. உரிமை இல்ல. நாளைக்கு மனசு மாறினா எதை வச்சுக் கேக்குறது?"

"உள்ள போ."

"அமெரிக்காவே என்னைய உள்ள போன்னு சொல்லல."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சூட்டோடு நிலக்ஷி தாளை வாங்கி, தானே ஒரு வரி சேர்த்து உரக்க வாசித்தாள்:

"வால்வை அடைத்தவர் யாராக இருந்தாலும், ஒரு கிழமை முழுக்கக் கீழ் லயத்துக்கு வாளியில் தண்ணீர் சுமக்க வேண்டும்."

"அத மட்டும் எடுத்துரு, பாப்பா." அவர் குரல் இறங்கியிருந்தது.

"ஏன், யாரையாச்சும் காப்பாத்துறீங்களா?"

அழகுமுத்து அவளையே பார்த்தார். பிறகு பேனையை வாங்கிக் கையெழுத்தைப் போட்டார்.

கீழ் லயம் கை தட்டியது. கேடயம் வாங்கிய அன்றுகூட நிலக்ஷிக்கு இந்தப் பூரிப்பு இல்லை.

எல்லோரும் இறங்கிப் போனதும் கேட்டாள்: "இப்பயாச்சும் சொல்லுங்க. யாரு அடைக்கிறது?"

"நேத்துதான் நானே பார்த்தேன். ஷவர்ல தண்ணி வேகமா வரணும்னு காலையில ஒருத்தி வால்வச் சுத்துறா. அது எங்க போற குழாய்னு அவ கேக்கவே இல்ல."

நிலக்ஷியின் கை, தலையில் இருந்த ஈரத் துவாயிலேயே நின்றது.

"இன்னும் யாருக்கும் தெரியாது. கையெழுத்த நான் போட்டுட்டேன். வாளிய எடுக்கிறதும் விடுறதும் உன் இஷ்டம்" என்றார் அழகுமுத்து.

மறுநாள் விடியும்போதே கீழ் லயத்துப் பீலியில் தண்ணீர் கொட்டியது. பாத்திரம் பிடித்துக்கொண்டிருந்த நாகலெட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு கையிலும் வாளியோடு படியிறங்கி வந்தாள் நிலக்ஷி.

"பீலியிலதான் கொட்டுதே, புள்ள. இது என்னத்துக்கு?"

"எழுதினது எழுதினதுதான், அத்த. அடைச்சது நான்தான்." தலை குனியாமல் சொன்னாள்.

நாகலெட்சுமி பாத்திரத்தைக் கீழே வைத்தாள். பிறகு லயம் அதிரச் சிரித்துக்கொண்டே குரல் கொடுத்தாள்:

"வெளிய வந்து பாருங்கடி, அமெரிக்கா கையெழுத்துப் போட்டுருச்சு."