இருபத்து மூன்று கிலோ

"நூத்தியொண்ணு! இறங்குங்க, இறங்குங்க. பெட்டியக் கீழ வைங்க" என்று அலறினாள் கணக்கு டீச்சர்.

எடை மெஷின் மேல் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி நின்றிருந்த அவள் கணவர், லிஃப்ட் மெக்கானிக், மூச்சு வாங்க இறங்கினார். பெட்டியை மட்டும் அந்தக் குட்டி மெஷினில் வைத்தால் எண் தெரியாமல் மறைத்துவிடும். அதனால் அவர் பெட்டியோடு ஏறி நிற்க வேண்டும், இவள் குனிந்து எண்ணைப் படித்து, அதில் அவருடைய எடையைக் கழிக்க வேண்டும்.

"உங்க எடை எழுபத்திரண்டு போக மிச்சம் இருபத்தொம்போது. ஃப்ளைட்டுல விடுறது இருபத்திமூணு. ஆறு கிலோ அதிகம்."

"அதெல்லாம் ஒண்ணும் சொல்லமாட்டாங்கம்மா. சரியா இருக்கும், பூட்டு."

"சரியா இருக்குமா? உங்க லிஃப்ட்ல ஆறு கிலோ கூடுதலா ஏத்துனா சும்மா விடுவீங்களா?"



மூன்று வாரப் பயிற்சிக்காகக் கம்பெனி அவரை அனுப்புகிறது. போகிற ஊரில் இப்போது மைனஸ் இருபத்திரண்டு டிகிரி. போன மழைக்கு நிமோனியா வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த மனிதர். நெஞ்சில் குளிர் படாமல் பார்த்துக்கொள்வதாக டீச்சர் அடித்துச் சொன்ன பிறகுதான் டாக்டரே போகச் சம்மதித்தார். எடையைக் குறைக்க வேண்டும் என்றும் அவர்தான் சொன்னார்.

அந்த விஷயத்தில் மட்டும் கணவரைக் குறை சொல்ல முடியாது. வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, எழுபத்தொன்பதிலிருந்து இறங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் தானே எடை பார்த்து, ஃபிரிட்ஜில் ஒட்டிய சார்ட்டில் தானே குறித்துவைப்பார். அதைப் படம் எடுத்து ஸ்டாஃப் ரூமில் காட்டாத ஆளில்லை டீச்சர்.

"முதல்ல அந்த ஸ்பானர் செட்டை எடுங்க. அங்க ஸ்பானரே கிடைக்காதா?"

"கை பழகின ஸ்பானர்ம்மா. அதுக்குப் பதிலா கம்பளிய எடுத்துடேன்."

"கம்பளிய எடுக்கறதா? உங்க நெஞ்சுக்குன்னு நாலு கடை ஏறி இறங்கி வாங்கினது அது. ஒம்போது நாள் அந்தப் பெஞ்சுல உட்கார்ந்து நான் பட்டது எனக்குத்தான் தெரியும்."

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அதை மறைக்கக் கோபத்தோடு பெட்டியைத் திறந்து, தடித்த கோட்டை வெளியே எறிந்தாள். பனிக்குப் போடுகிற பூட்ஸும் பின்னாலேயே பறந்தது.

"இது ரெண்டையும் போட்டுக்கிட்டே கிளம்புங்க."

"இந்த வெயில்லயா? பார்க்கறவன் சிரிப்பாம்மா."

"சிரிக்கட்டும். ஏறி நில்லுங்க."

ஏறி நின்றார். தொண்ணூற்றேழு.

"இன்னும் ரெண்டு" என்றாள் டீச்சர். பெட்டியை மேலும் கீழும் பார்த்தாள். ஸ்பானரைப் பார்த்தாள். அவர் ஸ்பானர்மேல் கையை வைத்துக்கொண்டார். இந்த மனிதரோடு மல்லுக்கட்ட அவளுக்கு இனித் தெம்பில்லை. ஒரு ஸ்வெட்டரை உருவினாள். அது போதாது. கடைசியில் கம்பளியை எடுத்து, மடிப்புக் கலையாமல் கட்டில்மேல் வைத்தாள்.

தொண்ணூற்றைந்து.

"இருபத்திமூணு. இப்பத்தான் கணக்கு சரி" என்றாள். சந்தோஷமாகச் சொல்ல முடியவில்லை.

கணவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். கம்பளியைப் பார்த்தார், மனைவியின் முகத்தைப் பார்த்தார், பேசாமல் பெட்டியைப் பூட்டினார்.

டாக்ஸியில் ஏறியதிலிருந்து ஒரே புலம்பல். "வேர்க்குதும்மா, கழட்டிடறேம்மா" என்று உயிரை எடுத்தார். விமான நிலையத்தில் எல்லோரும் அரைக்கைச் சட்டையில் நிற்க, இவர் மட்டும் ஸ்வெட்டர், கோட், பனி பூட்ஸ் சகிதம் வேர்வை சொட்டச் சொட்ட வரிசையில் நகர்ந்தார். ஒரு குழந்தை அவரையே பார்த்துக்கொண்டு வந்தது.

"கோட்டுல கைய வைச்சீங்க, நான் பொல்லாதவளாயிடுவேன்" என்றாள், பார்வையாளர் டிக்கெட் வாங்கிக் கூடவே உள்ளே வந்திருந்த டீச்சர், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவர்கள் முறை வந்தது. பெட்டியைத் தூக்கி மெஷினில் வைத்தார் கணவர். கவுண்டர் பெண் எண்ணைப் பார்த்தாள்.

"பதினேழு. இன்னும் ஆறு கிலோ வைக்கலாம், மேடம். கைல ஏதாவது இருக்கா?"

"பதினேழா?" டீச்சர் எட்டிப் பார்த்தாள். பதினேழேதான். "இல்லம்மா, உங்க மெஷின்ல ஏதோ கோளாறு. இது சரியா இருபத்திமூணு. நானே கழிச்சுப் பார்த்தேன்."

"இன்னிக்குக் காலையிலதான் செக் பண்ணினாங்க, மேடம்."

 கம்பளி ஒரு மணி நேரத் தொலைவில் கட்டில்மேல் கிடக்கிறது. ஆறு கிலோவை வீணாக அல்லவா இறக்கினோம்? கழித்தலில் தப்பு வர வாய்ப்பே இல்லை. பதினெட்டு வருஷமாக வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிற பாடம் சட்டென்று ஞாபகம் வந்தது. வழிமுறை சரியாக இருந்தும் விடை உதைத்தால், கணக்கில் கொடுத்த எண் சரிதானா என்று பார்.

மனதுக்குள் கணக்கைத் திருப்பிப் போட்டாள். தொண்ணூற்றைந்தில் பதினேழு போனால் எழுபத்தெட்டு.

மெல்லத் திரும்பினாள். வழியெல்லாம் கழட்டிவிடுகிறேன் என்று கெஞ்சிக்கொண்டு வந்த மனிதர், மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்து, எட்டாத பட்டனை எட்டவைத்து, வயிற்றின்மேல் கோட்டை அவசர அவசரமாகப் பூட்டிக்கொண்டிருந்தார்.