ரிவர்ஸ் பாட்டு

"ஹைபிரிட் காருய்யா! பேட்டரியில சத்தமில்லாம ஆபீஸுக்குப் போயி, தூங்குறவங்களைப் பிடிச்சு மெமோ கொடுப்பேன். அந்த கிளார்க் ரம்யா இன்னொரு தடவை தூங்கட்டும், சஸ்பெண்டுதான்!" என்று மீசையைத் தடவினார் மேலாளர் ஆனந்தராஜ்.

காரின் பெரிய பேட்டரியிலிருந்து வரும், ஷாக் அடிக்கும் ஆரஞ்சு வயர் பக்கமே போகாமல், ரிவர்ஸ் லைட் வயரில் ஸ்பீக்கரை இணைத்தார் இலுப்பூர் எலக்ட்ரீஷியன் சரவணக்குமார்.

"ரிவர்ஸ் போட்டா பக்திப் பாட்டு வரும் சார். ஒங்க அந்தஸ்துக்கு இதுகூட இல்லாட்டி எப்படி?"

மேலாளர் பூரித்துப்போனார்.

மறுநாள் மதியம் வழக்கம்போல ஆபீஸ் வாசலில் காரைப் பின்னாலெடுத்து நிறுத்திவிட்டு, பூனைபோல உள்ளே நுழைந்தார். அத்தனை பேரும் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பயம் இருக்கட்டும்!" என்று தன் அறைக்குள் போனார்.

ரம்யா புருஷனுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, நீங்க மாட்டுன பாட்டு தெருவுக்கே கேக்குது. எல்லாரும் முழிச்சிட்டோம். ராத்திரிக்குக் கோழிக் கொழம்பு!"