ராம் போட்டா போதும்

கீபோர்டில் 'எஃப்' எழுத்துக்கு அடியிலிருந்து ஒரு கரப்பான் குஞ்சு வெளியே வந்தது. மீசையை ஆட்டிப் பார்த்துவிட்டு, 'ஜி' எழுத்துக்கு அடியில் புகுந்து மறைந்தது. சாஜிதா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"சீ! என்னங்க, கேக்குதா? இந்த லேப்டாப்புக்குள்ள கரப்பான் குடித்தனம் பண்ணுது. தொடவே கூசுது."

ஸ்பீக்கர் கரகரத்தது. தோஹாவில் வேலை பார்க்கும் அவள் கணவன் சௌகத் அலியின் குரல், தகர டப்பாவில் போட்டுக் குலுக்கிய கூழாங்கல் போல விட்டுவிட்டு வந்தது.

"புதுசெல்லாம்... வேணாம். மெமரிக்கு ராம் போட்டா... போதும்."

"உள்ள ஃபேன் ஓடுற சத்தத்துல நீங்க பேசறதே விளங்கலீங்க. பிளவுஸ் தைச்ச காசு கையில இருக்கு. அதுலயே வாங்கிக்கிறேனே?"

"சொன்னா கேளு சாஜி. நல்ல... மிஷினு அது. இன்னும் நாலு வருஷம்..."

வெளியே பீர்க்கன்கரணைப் பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு ஒலித்தது. "சரி, தொழப் போறேன். வைக்கிறேன்" என்று அவன் துண்டித்துக்கொண்டான்.

மகள் மெஹ்னாஸ் கைக்குழந்தையாக இருந்தபோது கிளம்பிப் போனவன். போனில் பேசினால் கட்டணம் அதிகம் என்பதால் நெட்டில்தான் பேச்சு. கம்பெனி கேம்ப்பில் கேமராவுக்கு அனுமதி இல்லையாம். அதனால் முகம் கிடையாது, குரல் மட்டும். அந்தக் குரலுக்காகக் குழந்தை தினமும் ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்துக்கொள்வாள்.

"அத்தா ஏம்மா தவளை மாதிரி பேசறாங்க?" என்று அன்றைக்கு அவள் கேட்டது சாஜிதாவுக்குச் சுருக்கென்றிருந்தது.

மறுநாள் காலை மேற்குத் தாம்பரத்தில் லேப்டாப் விற்று, ரிப்பேரும் பார்க்கும் பொன்னுரங்கத்தின் கடைக்கு லேப்டாப்பைத் துணிப்பையில் சுற்றி எடுத்துப் போனாள். வெறுங்கையால் தூக்க மனசு வரவில்லை. பொன்னுரங்கம் திருகாணிகளைக் கழற்றி, கீழ்மூடியை நெம்பினான்.

குப்பென்று ஒரு வீச்சம் வந்தது. பொன்னுரங்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஃபேனைச் சுற்றி மயிர்ச்சுருள், அதில் சிக்கிய கரப்பான் இறக்கைகள், மூலையில் புளியங்கொட்டை நிறத்தில் ஒட்டியிருந்த முட்டைகள். எப்போதோ கொட்டிய டீ பிசினாகக் காய்ந்து கிடந்தது.

"அக்கா, இத்த வூட்ல வச்சிகினு எப்படிக்கா சோறு துன்றீங்க?"

சாஜிதாவுக்கு அவமானமாக இருந்தது. "ராம் மட்டும் போட்டா சரியாயிடுமாப்பா?"

"போடலாம். ஆனா இன்னாத்துக்கு? போர்டே அரிச்சுப் போய் கீது. இதுக்குச் செலவு பண்றதும் குப்பைத் தொட்டில கொட்றதும் ஒண்ணு."

அவள் யோசித்தாள். அவர் அவ்வளவு சொல்லியும் கேட்காமல் வாங்கினால் நன்றாக இருக்குமா? கல்யாணமான நாளிலிருந்து அவர் பேச்சை மீறி அவள் ஒரு குண்டூசி வாங்கியதில்லை.

அந்த நேரம் பார்த்து, மேசையில் ஓடிய பெரிய கரப்பான் ஒன்று அவள் புர்காவின் கைக்குள் நுழைந்தது. அலறி உதறினாள். அது தோள் வரை ஏறி இறங்கிய தடம் உடம்பெல்லாம் பரவியது போலிருந்தது.

உடனே கோபம் பொங்கியது. ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு 'ராம் போட்டா போதும்' என்று சொல்வது சுலபம். இந்த நாற்றத்தைத் தொடப்போவது அவரா? இப்படியும் ஒரு கஞ்சத்தனமா? சீ!

"புதுசே கொடுப்பா. இதைத் தூக்கிப் போட்டுடு. என் கண்ணுல படக் கூடாது."

வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்தும் கையில் அந்த வீச்சம் போகவில்லை. ஆனால் சாயங்காலம் புது லேப்டாப்பைத் திறந்ததும் மனசு மாறிவிட்டது. பளிச்சென்ற திரை. ஃபேன் ஓடுவதே தெரியவில்லை. மெஹ்னாஸைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். தெருச் சத்தம் குறுக்கே வராதபடி கதவையும் ஜன்னலையும் சாத்தினாள்.

"சாஜி, கேக்குதா?"

பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலிருந்தது. இத்தனை வருஷம் கழித்து அவன் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. சாஜிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. திட்டியதற்காக மனசுக்குள் அவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

"என்ன, சரி பண்ணிட்டியா?"

"ம்" என்றாள். புதுசு என்பதைக் கடைசியில் சொல்லி அசத்தலாம் என்று நினைத்தாள்.

"அத்தா! நீங்க தவளை மாதிரி பேசல!" மெஹ்னாஸ் துள்ளினாள். "எப்ப வருவீங்க?"

"எங்கடா கண்ணு? லீவே தரமாட்டேங்கறான். நான் இருக்கிற இடம் எவ்ளோ தூரம் தெரியுமா? சுத்தி வெறும் பாலைவனம். பேச்சுத்துணைக்குக்கூட ஒரு ஆள் கிடையாது..."

அவன் பேசிக்கொண்டே இருந்தான். அவன் குரலுக்குப் பின்னால், அதே ஸ்பீக்கரிலிருந்து, இன்னொரு குரல் துல்லியமாகக் கேட்டது.

"கேம்ப் ரோடு, தாம்பரம்! தாம்பரம்! ஒரே ஒரு ஆளு, ஷேர் ஆட்டோ... ஏறு, ஏறு!"