எல்லாத்துக்கும் சரி

“அந்த நர்ஸ் உங்கப்பாகிட்ட ‘நீங்க திருடனா’ன்னு கேக்கறாங்க. அவரும் பாவம், ‘சரி’ங்கறார். என் காதாலேயே கேட்டேன்.”

மனைவி சொல்லி முடிப்பதற்குள் அவன் வார்டுக்குள் நுழைந்துவிட்டான். ஏற்கெனவே எரிச்சல். முதியோர் இல்லத்து வண்டி ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறது. அப்பாவை அனுப்பப் போகிற நேரத்தில், டாக்டரிடம் ஏதோ சொல்லித் தடுத்து வைத்திருப்பவளும் இதே நர்ஸ்தான்.

பக்கவாதம் அப்பாவின் வலப்பக்கத்தை முடக்கிப் போட்டிருந்தது. நர்ஸ் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“எங்கப்பாவைத் திருடன்னு சொன்னீங்களா?”

“சொல்லல. கேட்டேன்.” அவள் நிமிரக்கூட இல்லை. “கழுதையான்னும் கேட்டேன். உங்க வீட்டம்மா அதைச் சொல்லலியா?”

“வாய் வராத மனுஷன்னா கேலியா? நான் மேல புகார் கொடுப்பேன்.”

“தாராளமா குடுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. இல்லத்துக்குப் போக இவர் ஒத்துக்கிட்டாரா?”

“டாக்டர் முன்னாடியே கேட்டேன். ‘சரி’ன்னார்.”

“நல்லா இருந்தப்போ, எதைக் கேட்டாலும் சரி சொல்ற ஆளா இவர்?”

அவன் அப்பாவைப் பார்த்தான்.

ஆலையில் அப்பாவுக்குப் பட்டப்பெயரே ‘முடியாது’. முதலாளி சிரித்துக்கொண்டு வந்தாலும் முடியாது, போலீஸ் தடியோடு வந்தாலும் முடியாது. அந்த முடியாதில்தான் ஆலைக்கு எட்டு மணி நேர வேலை வந்தது. அனுபவித்தவர்கள் அதை மறந்து ரொம்பக் காலமாகிறது. அந்தக் கூலியில் படித்து வளர்ந்த மகனும் மறந்துவிட்டான்.

நர்ஸ் அப்பா பக்கம் திரும்பினாள். “ஐயா, உங்களுக்கு வயசு அஞ்சா?”

“சரி.”

“நான் உங்க மாமியாரா?”

“சரி,” என்றார் அப்பா. கண் மட்டும் சிரித்தது.

“கேக்கறதெல்லாம் அவருக்குப் புரியுது. பதில் சொல்ல வாயைத் திறந்தா, எதை நினைச்சாலும் இந்த ஒரு சொல்தான் வருது. சிலருக்கு இப்படி ஆகும். இதை ஒத்துக்கிட்டதா எடுத்துக்காதீங்கன்னு டாக்டர்கிட்ட சண்டை போட்டுத்தான் நிறுத்தி வெச்சேன்.”

அவன் குரல் இறங்கியது. “அப்போ எப்படி சிஸ்டர் கேக்கறது?”

“வாயைப் பார்க்காதீங்க. இடது கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேளுங்க. ஆமான்னா அழுத்துவார். இல்லைன்னா விட்டுடுவார். நாங்க ரெண்டு பேரும் அப்படித்தான் பேசிக்கறோம்.”

அவன் கட்டில் ஓரம் உட்கார்ந்து கையைப் பிடித்தான்.

“அப்பா, அந்த இல்லத்துக்குப் போறீங்களா?”

“சரி,” என்றது வாய். கை வெடுக்கென்று உருவிக்கொண்டது.

மறுபடி பிடித்தான். “நம்ம வீட்டுக்கே வர்றீங்களா?”

“சரி.” அவன் விரல்கள் நொறுங்கிவிடும் போலிருந்தது.

பின்னாலேயே வந்து நின்ற மனைவி மெதுவாகச் சொன்னாள். “எங்களுக்கும் ஆசைதான் சிஸ்டர். இவரைத் தூக்கி உட்கார வைக்கவே தெரியலையே. கீழே போட்டுட்டா?”

“அந்தப் பயம் எல்லாருக்கும் வர்றதுதாம்மா. முதுகு பிடிக்காம தூக்கறது, புரட்டறது, குளிப்பாட்டறது எல்லாம் நான் சொல்லித் தர்றேன். இன்னிக்கே ஆரம்பிக்கலாம். வீட்டுக்கு வந்து பார்க்கற நர்ஸுக்கும் ஏற்பாடு பண்றேன். நான் போய் வண்டியைத் திருப்பி அனுப்பிட்டு வரேன். இவ்வளவு நேரம் நிக்க வெச்சதுக்கு டிரைவர்கிட்டயும் நான் ஒரு திட்டு வாங்க வேண்டியிருக்கு.”

நர்ஸ் போன பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை. அப்பாவின் கை இன்னும் அவன் கைக்குள்தான் இருந்தது.

“அப்பா, என் மேல கோபமா?”

அழுத்திவிடுவாரோ என்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சரி,” என்றார் அப்பா.

கையை விட்டுவிட்டார்.