பாரிஸ் நடிகன்

பிரெஞ்சுக் கொடி இறங்கிய வருஷம் கப்பலேறி, பாரிஸில் சினிமா நடிகனாகிவிட்ட தனகோட்டி ஊருக்கு வந்திருக்கிறான் என்றதும் கொளஞ்சிக்கு வயிறு எரிந்தது. இருவரும் ஒன்றாக நாடகம் போட்டவர்கள். இவன் மட்டும் இன்னும் உப்பளத்துக் கொட்டகையில் அட்டைக் கிரீடத்தோடு ராஜா வேஷம் கட்டுகிறான்.

அன்று நாடகம் முடிந்ததும் தனகோட்டியே மேடைக்குப் பின்னால் வந்து நின்றான்.

“சிரிச்சிட்டுப் போவ வந்தியா?” என்றான் கொளஞ்சி.

“எவ்ளோ வசனம் பேசுற! பொறாமையா இருக்குடா.”

“பாரிஸ் ஆக்டர் பேசுற பேச்சா இது?”

“அங்க எனக்கு எப்பவும் வேலைக்காரன் வேஷந்தான். தட்டை வச்சுட்டு, குனிஞ்சு கும்பிட்டுட்டுப் போவணும். ஒரு படத்துலயும் வாயத் தொறக்க விடல.”

கொளஞ்சி தலையிலிருந்த அட்டைக் கிரீடத்தைக் கழற்றினான்.

தனகோட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டான். “நான் திரும்பிப் போறதுக்குள்ள ஒரு சின்ன வேஷம் குடுடா. ரெண்டு வரி பேசினா போதும்.”