பாலத்துக்கு இரண்டு விசில்

கருவாட்டுக் கூடையை மடியில் வைத்ததுமே பக்கத்துச் சீட்டுப் பெண்மணி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒதுங்கினாள்.

கூடைக்காரிக்குப் பரம திருப்தி.

நாற்றம் நிஜம். காலில் ஒட்டிய சேறு நிஜம். அந்த நீராவி டிராமில் பொய்யென்று இருந்தது அவள் மட்டும்தான்.

அவளும், இன்னொருத்தியும்.

வாசலில் தையல் கழகம் என்று பலகை மாட்டி, உள்ளே உளவு கற்றுத்தரும் பள்ளியில் அவள் மாணவி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தைதான் அங்கே பாடம். இன்று கடைசித் தேர்வு. இதே வண்டியில் செங்கமலம் டீச்சர் ஏதோ ஒரு வேஷத்தில் உட்கார்ந்திருக்கிறார். துறைமுகம் வருவதற்குள் டீச்சர் கை அவள் தோளில் பட்டால் அவள் தோற்றாள். அவள் முந்திக்கொண்டு 'டீச்சர்' என்று கூப்பிட்டுவிட்டால் ஜெயித்தாள். மாலையே ஆகாயக் கப்பல். பினாங்கில் முதல் வேலை.

தோற்றவர் பள்ளியின் முன்கட்டில் உட்கார்ந்து நிஜமாகவே சட்டை தைக்க வேண்டும். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்பார்கள். ஆனால் டீச்சர்கள் யாரும் தைத்து அவள் பார்த்ததில்லை.

பொத்தான் துளை போட்டுக் கண்ணைக் கெடுத்துக்கொள்வதைவிடக் கருவாடு விற்றே பிழைத்துவிடலாம் என்பது அவள் கட்சி.

மெல்லக் கண்ணை ஓட்டினாள்.

பித்தளைக் கால் பொருத்திய மாலுமி? வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். எச்சில் வழிகிறது.

ஒதுங்கிய பெண்மணி? இந்த முகச்சுளிப்பை யாராலும் நடிக்க முடியாது.

எதிரே கைக்குழந்தைக்காரி. குழந்தை அவள் தாலிக்கயிற்றைச் சப்பிக்கொண்டிருந்தது.

சேச்சே, இவளாக இருக்காது.

பாலம் வந்தது. டிரைவர் விசில் கயிற்றை இழுத்தார்.

வண்டியே அதிர்ந்தது. மாலுமி துள்ளி எழுந்து டிரைவரின் பரம்பரையையே திட்டினார். பெண்மணி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். குழந்தை வீறிட்டது.

அவள் கூடையை நிதானமாகச் சரிசெய்துகொண்டாள்.

பிறகுதான் உறைத்தது.

பள்ளியின் பாய்லர் இருப்பது அவர்கள் படுக்கும் அறைக்கு நேர் கீழே. வேளை கெட்ட வேளையில் அலறும். மூன்று வருடம் அதன் தலைமேல் தூங்கியவளுக்கு டிராம் விசில் ஒரு கொசுச் சத்தம். ஊரில் எந்தக் கருவாட்டுக்காரிக்கும் அப்படி இருக்காது.

போச்சு. எல்லாம் போச்சு. பினாங்கு கைநழுவி, முன்கட்டு கண்ணெதிரே வந்து நின்றது. அழுகையே வந்துவிட்டது அவளுக்கு.

யார் கவனித்தார்கள்?

கைக்குழந்தைக்காரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு எழுந்தாள். வலது கை மெல்ல நீண்டது.

குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது. அதன் காதை யாரும் பொத்தவில்லை.

பெற்றவள் தன் காதை மறப்பாள். பிள்ளையின் காதை மறப்பாளா?

பாலத்துக்கு இரண்டு விசில் கொடுப்பது அந்த ஊர் டிராமின் வழக்கம். டிரைவரின் கை மறுபடியும் கயிற்றுக்குப் போனது.

அவள் எழுந்த வேகத்தில் கூடை கவிழ்ந்தது. கருவாடு பெண்மணியின் மடியெல்லாம் கொட்டியது. குழந்தையின் இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்தினாள்.

"பிள்ளைக்குக் காது வலிக்கும்ல, டீச்சர்."

விசில் அலறியது.

அடங்கியபோது டீச்சர் நீட்டிய விரல் அவள் தோளைத் தொடாமல் அப்படியே நின்றிருந்தது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவள் மூக்கைப் பிடித்தது.

மாலையில் தகரப்பெட்டியோடு அவள் முன்கட்டு வழியாகக் கிளம்பினாள். முகத்தில் சிரிப்பு அடங்கவே இல்லை.

செங்கமலம் டீச்சர் தலை நிமிரவில்லை. பக்கத்துப் பாயில் பள்ளிச் சமையல்காரியின் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. காலையில் டிராமில் வந்த அதே குழந்தை. டீச்சரின் மடியில் உள்ளங்கையளவு சட்டை ஒன்று. பொத்தான் துளைகளில் ஒன்றுகூட உருப்படியாக இல்லை.

கப்பல் கிளம்ப இன்னும் நேரமிருந்தது.

அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, ஊசிக்காகக் கையை நீட்டினாள்.