சரிவுத் தோட்டத்துச் சம்பந்தம்

சம்பந்தம் பேச ஜேர்மனியின் டோர்ட்மண்ட் நகரத்திலிருந்து மோசல் ஆற்றங்கரைக்கு வந்திருந்த சுகிர்தனுக்கு, நிருஷா தங்கள் திராட்சைத் தோட்டத்து ரீஸ்லிங் வைனைக் கொஞ்சமாக ஊற்றிக் கொடுத்தாள்.

“இனிப்பே இல்லையே!”

“இது இனிப்பில்லாத வகை. முகத்தைச் சுழிக்காதேங்கோ.”

“எங்கடை வீட்டிலை பியர்கூட வாங்கிறதில்லை. இங்கை எல்லாரும் ஒவ்வொரு நாளும் குடிக்கிறவையோ?”

“ருசி பாத்திட்டு வாளிக்குள்ளை துப்பிப்போடுவம்.”

“இவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்து துப்பிறதோ? இதை எங்கடை சொந்தக்காரருக்கு எப்பிடி விளங்கப்படுத்திறது?”

“அது உங்கடை பாடு. ஆனா இந்தத் தோட்டத்தை விட்டிட்டு டோர்ட்மண்டுக்கு வர ஏலாது. அதை இப்பவே சொல்லிப்போடுறன்.”

சுகிர்தன் கண்ணாடிக் கிண்ணத்தைக் கீழே வைத்து யோசித்தான்.

“சரி, எனக்குச் சம்மதம். உங்களுக்கு?”

“எனக்கும் ஓம்.”

“பிறகென்ன, அவை ரெண்டுபேருக்கும் கலியாணம் முடிய என்ரை அப்பா இங்கை வந்து உங்கடை அம்மாவோடை இருக்கட்டும்.”

இருவரும் சன்னலால் பார்த்தார்கள். செங்குத்தான சரிவில் கற்படிகளில் நிருஷாவின் அம்மா சுலோஜனா முன்னால் ஏறினார். சுகிர்தனின் அப்பா தவராசா மூச்சு வாங்கியபடி பின்னால் போனார்.

“அப்பா செத்தபிறகு அம்மா இண்டைக்குத்தான் சிரிச்சுக் கதைக்கிறா,” என்றாள் நிருஷா.

கடைசிப் படியில் சுலோஜனா திரும்பிக் கை நீட்டினார். தவராசா பிடித்துக்கொண்டு ஏறினார். அதற்கு மேல் சமதரைதான். ஆனாலும் அவர் கையை விடவில்லை.